முதல் சுருள்

"சார், மேடம் பத்து மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றாங்க" என்று டிரைவர் போனில் சொன்னபோது சீல் சார் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் இருந்த நுரையைத் துப்புவதா விழுங்குவதா என்று புரியவில்லை. கடைசியில் விழுங்கிவிட்டார்.

"எதுக்கு?"

"தெரியலை சார். நேத்து வண்டியில வரும்போது உங்களைப் பத்தித்தான் கேட்டாங்க. வீட்டுல ஏதோ பழைய பிலிம் சுருள் வச்சிருக்காராமே, நிஜமான்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நிஜம்தான்னேன்."

"யோவ்!"

"பொய் சொல்லச் சொல்றீங்களா சார்? எனக்கு வராது. அன்னிக்கு வண்டியில போகும்போது அந்த ராஜா கதையைக் குதிரைச் சத்தத்தோட சொன்னீங்களே, ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் மேடத்துக்கும் கொஞ்சம் எடுத்து விட்டேன்."

சீல் சார் போனை வைத்தார். வாயைக் கொப்பளிக்கவும் மறந்துபோனார்.

அவர் தீயணைப்புத் துறையில் பாதுகாப்பு ஆய்வாளர். கடை, கிடங்கு, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பார். தீப்பிடிக்கிற சாமானைக் கூடாத இடத்தில் வைத்திருந்தால் கதவைப் பூட்டி சீல் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பதினெட்டு வருட சர்வீஸில் அவர் சீல் வைக்காத தெரு கிடையாது. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது. ஊருக்கு அவர் சீல் சார்தான்.

அப்பேர்ப்பட்ட சீல் சார் வீட்டு ஃப்ரிட்ஜில், காய்கறித் தட்டில், தக்காளிக்கும் வெள்ளரிக்காய்க்கும் நடுவில் ஒரு வட்டமான தகர டப்பா இருந்தது. மூடியில் சிவப்புப் பெயின்டில் 1 என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது பேசாத படக் காலத்து பிலிம். அந்தக் காலத்து பிலிம் இருக்கிறதே, அது பொல்லாதது. சூடு கொஞ்சம் ஏறினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். வீட்டில் வைத்திருப்பது குற்றம். அதைக் குற்றம் என்று விளக்கி எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை எழுதி அனுப்பியவர் யார் என்று கேட்டால், அதுவும் சீல் சார்தான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் வெளியூருக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில், ஒரு பழைய சாமான் கடையில் அது கிடைத்தது. "இதோட சேந்தது இன்னும் எட்டு இருந்துச்சு சார். நேத்து யாரோ வந்து மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டாங்க. இது அலமாரிக்கு அடியில உருண்டு கெடந்திருக்கு" என்றார் கடைக்காரர். அந்த நேற்றைக்கு சீல் சார் விடுதி அறையில் மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தூக்கத்துக்காக அவர் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஞாயிறுதோறும் காலையில் டப்பாவை வெளியே எடுப்பார். விளக்குச் சூடு ஆகாது என்பதால் ஜன்னல் வெளிச்சம்தான். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் பிலிமை மாட்டி, கையால் சுற்றிச் சுற்றி, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு படமாகப் பார்ப்பார். பத்து நிமிடப் படம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். சத்தம் இல்லாத குறையை அவரே தீர்த்துவைப்பார். டக்டக் டக்டக் என்று நாக்கைச் சொடுக்கிக் குதிரை ஓட்டுவார். நாற்பத்தொன்பது வயது மனிதர் இப்படி ஒரு மூலையில் உட்கார்ந்து நாக்கைச் சொடுக்குவதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவருக்கே சிரிப்பு வரும். சிரித்துவிட்டு மறுபடியும் சொடுக்குவார்.

கதை இதுதான். கோட்டை வாசலில் படை திரள்கிறது. ராஜா குதிரை ஏறுகிறார். ராணி மாடத்தில் நிற்கிறாள், அழவில்லை. அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவன் ஓடிவந்து ராஜா கையில் ஒரு கடிதத்தைத் திணிக்கிறான். ராஜா பிரிக்கிறார். முகம் மாறுகிறது. அவ்வளவுதான், சுருள் தீர்ந்தது.

பேசாத படத்தில் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தனியாக ஓர் எழுத்து அட்டையில் காட்டுவார்கள். அந்த அட்டை இரண்டாவது சுருளின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது சுருள் எங்கே இருக்கிறது என்று எட்டு வருடமாக அவர் கேட்காத ஆள் இல்லை. கிடைக்காத ஆற்றாமையில் கடிதத்தைத் தானே எழுதிப் பார்க்கவும் செய்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் முப்பத்தோரு விதமாக எழுதிவிட்டார். எதைப் படித்தும் ராஜாவின் முகம் அப்படி மாறியிருக்காது என்றே தோன்றியது.

"வீட்டுல பால் தீந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்கன்னு ராணி எழுதியிருப்பா" என்பது மனைவியின் கட்சி.

அந்த மனைவிதான் இப்போது சமையலறை வாசலில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"மேடம் வர்றாங்க. சோதனை போட."

மேடம் என்றால் மூன்று மாதத்துக்கு முன் மாற்றலாகி வந்த மாவட்ட அதிகாரி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வந்த வாரமே, ஸ்டேஷன் பின்கட்டில் ஒரு கேன் பெட்ரோல் ஒளித்து வைத்திருந்த ஆளைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"அப்போ அந்தச் சனியனைத் தூக்கிப் பரண்மேல போடுங்க."

"பரண்மேல தகரக் கூரைடீ. பதினோரு மணி வெயிலுக்கே பத்திக்கும்."

"பக்கெட் தண்ணியில போட்டு மூடி வைங்க."

"தண்ணியில போட்டாலும் எரியும். எரியலேன்னா ஊறிப்போகும்."

"இதென்ன படமா பிசாசா? பேசாம உண்மையைச் சொல்லிடுங்க. தலையையா எடுத்துடப் போறாங்க?"

"என் தலையை எடுத்தாக்கூடப் பரவாயில்லை. சுருளை எடுத்துடுவாங்களே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்தார். தக்காளியை நகர்த்திவிட்டு டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மாடி வீட்டில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் தனியாக இருந்தார். ஒற்றை ஆளுக்குப் பெரிய ஃப்ரிட்ஜ். டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சீல் சார் இரண்டு இரண்டு படியாக ஏறினார்.

"இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் இது உங்க ஃப்ரிட்ஜில இருக்கட்டும் சார். எங்களுது கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"என்ன தம்பி இது?"

இந்தக் கேள்விக்கு அவர் பதில் தயார் செய்துகொண்டு வரவில்லை. "மருந்து சார். வீட்டுல அவளுக்கு" என்று வாய் சொல்லிவிட்டது.

"இவ்வளவு பெரிய டப்பாவிலயா?"

"நாள்பட்ட வியாதி சார்."

"ஐயையோ! என்ன வியாதி தம்பி?"

"வெளியில சொல்ற மாதிரி இல்லை சார்."

வாத்தியார் கண் கலங்கி டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சீல் சார் படி இறங்கும்போது தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். இப்படி மெச்சிக்கொண்ட ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு கேடு வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் மெச்சிக்கொண்டார்.

சரியாகப் பத்துக்கு ஜீப் வந்து நின்றது. மேடம் மட்டும் உள்ளே வந்தார். விடுமுறை நாள் என்பதால் சீருடை இல்லை. அதுவே சீல் சாருக்குச் சந்தேகமாக இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் சோதனை போட வருகிறவர்கள் இப்படித்தான் சாதாரண உடையில் வருவார்கள். அவரே அப்படித்தான் போவார்.

மேடம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு பார்வை. அந்தப் பார்வை நேராகப் போய் ஃப்ரிட்ஜில் நின்றது.

"ஃப்ரிட்ஜ் நல்லாப் பெருசா இருக்கே."

"பழசு மேடம். உள்ளே ஒண்ணுமே இல்லை மேடம்."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? ஜில்லுன்னு."

அடேயப்பா, என்ன கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டார் சீல் சார். கதவைத் திறந்து, காய்கறித் தட்டையும் வெளியே இழுத்துக் காட்டி, "பாருங்க மேடம், தக்காளி, வெள்ளரிக்காய், அவ்வளவுதான்" என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லித் தண்ணீரை எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் கேட்டவருக்கு எதற்குத் தக்காளியைக் காட்டுகிறோம் என்று பாதியில் தோன்றியது. அதற்குள் காட்டி முடித்துவிட்டார்.

மேடம் தொண்டையைச் செருமினார். "டிரைவர் ஒரு விஷயம் சொன்னார். உங்ககிட்ட ஏதோ பழைய காலத்துப் படம்..."

"என்கிட்டயா? பேசாத படமா? ராஜா படமா? சேச்சே!"

"நான் ராஜா படம்னு சொல்லலையே."

சீல் சார் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். "டிரைவர் ஒரு உளறுவாயன் மேடம். ஒண்ணைக் கேட்டுட்டு ஒன்பது சொல்லுவான். எனக்கு சினிமாவே பிடிக்காது மேடம். சின்ன வயசுலேருந்தே தலைவலி வந்துடும்."

சமையலறைப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

மேடத்தின் முகம் வாடியது. ஆள் சிக்கவில்லையே என்ற ஏமாற்றம் என்று சீல் சார் புரிந்துகொண்டார். "அப்போ நான் கிளம்பறேன்" என்று மேடம் எழுந்தார். சீல் சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசல் வரை போய்க் கதவையும் திறந்துவிட்டார்.

திறந்த கதவு வழியாக மாடி வாத்தியார் உள்ளே வந்தார். நெஞ்சோடு அணைத்தபடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையைக்கூட மேலேயே விட்டுவிட்டார்.

"தம்பி, மாடியில ஃபியூஸ் போயிடுச்சு. மருந்து கெட்டுடக் கூடாதேன்னு ஓடியாந்தேன்." எட்டிப் பார்த்த மனைவியிடம் திரும்பி, "நீ ஏம்மா நின்னுக்கிட்டிருக்கே? இந்த நிலைமையில படுத்துக்க வேண்டாமா?" என்றார். டப்பாவை மேடத்துக்கு நேர் எதிரே மேசைமேல் வைத்தார். சிவப்பு 1 எல்லோரையும் பார்த்தது.

மேடம் அசையாமல் நின்றார். கைப்பை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கவும் இல்லை.

"இது என்ன?"

சீல் சாரின் எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகியது. வாய் மட்டும் குறுகவில்லை. "பறிமுதல் மேடம்!" என்றார்.

"பறிமுதலா? மருந்துன்னு சொன்னீங்களே தம்பி?"

"ரகசிய விசாரணை சார், நீங்க மேலே போங்க." வாத்தியாரின் தோளைப் பிடித்துத் திருப்பி வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். "நேத்து சாயந்திரம் பிடிச்சேன் மேடம். இதைப் பத்தித்தான் டிரைவர்கிட்ட ஏதோ சொன்னேன். அவன் என்னோடதுன்னே நினைச்சுட்டான்."

"எங்கே பிடிச்சீங்க?" மேடத்தின் குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்தார்.

"ஒரு வீட்டுல மேடம். காய்கறிக்கு நடுவுல ஒளிச்சு வச்சிருந்தான்."

"யாரு?"

"நடுத்தர வயசு. பாத்தா ஒழுங்கான குடும்பஸ்தன் மாதிரி இருக்கான். சுத்த முட்டாள் மேடம். ஞாயித்துக்கிழமையானா இதை வச்சுக்கிட்டுக் குழந்தை மாதிரி விளையாடுவானாம்."

"அவன் பொண்டாட்டிதான் பாவம் மேடம்" என்றார் சமையலறை வாசலில் நின்ற மனைவி. "இவர்தான் சொன்னார்."

மேடம் மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தார். "ஒண்ணுதான் கிடைச்சுதா? மீதி?"

"மீதி யார்கிட்ட இருக்குன்னு தெரியலை மேடம். ஆனா தேடிக்கிட்டேதான் இருக்கேன். எட்டு வரு... எட்டு மணி நேரமா. எங்கே ஒளிஞ்சிருந்தாலும் விடமாட்டேன்."

தன் வாழ்நாளில் இத்தனை உண்மையாக ஒரு வாக்கியத்தை அவர் சொன்னதில்லை. மேடம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும், தன் கடமையுணர்ச்சி வேலை செய்கிறது என்று சீல் சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. உற்சாகம் வந்துவிட்டால் அவரை யாராலும் நிறுத்த முடியாது.

"இதை வீட்டுல வச்சிருக்கறவன் மனுஷனே இல்லை மேடம்! தெருவையே கொளுத்தறதுக்குச் சமம். இதுல தராதரமே பாக்கக் கூடாது. சொந்த அண்ணனா இருந்தாலும் சரி, எனக்கு மேலே இருக்கற அதிகாரியாவே இருந்தாலும் சரி, கதவுக்கு சீல் வச்சு, கையோட மேலிடத்துக்கு எழுதிட்டுத்தான் எனக்குச் சோறே இறங்கும்."

மேடம் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

குடித்து முடித்துவிட்டு, டப்பாவையே பார்த்தபடி மெல்லக் கேட்டார். "இதைக் காப்பகம், அருங்காட்சியகம் அப்படி எங்கேயாவது அனுப்பலாம் இல்லையா? பழைய பொருளாச்சே?"

சீல் சாரின் நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. அடுத்த கணமே அடங்கியது. ஆழம் பார்க்கிறார்கள். "ஆமாம் மேடம், அனுப்பலாம்" என்று வாயைத் திறந்தால், "உனக்கு ஏன் அதுமேல இவ்வளவு அக்கறை?" என்று அடுத்த கேள்வி வரும். இந்த வித்தையெல்லாம் அவரிடமே நடக்குமா?

"கூடவே கூடாது மேடம். போற வழியில பத்திக்கிட்டா யார் பொறுப்பு?"

"நம்ம ஆபீஸிலயே குளிர்ப்பெட்டி ஒண்ணு வாங்கி..."

"விதி இல்லை மேடம்."

"அப்போ விதி என்ன?"

"இருபத்தி நாலு மணி நேரத்துக்குள்ள பயிற்சி மைதானத்துல வச்சு எரிச்சுடணும். ரெண்டு அதிகாரி முன்னாடி. சுற்றறிக்கை இருக்கு மேடம்."

"யார் எழுதின சுற்றறிக்கை?"

"நான்தான் மேடம்" என்றார் சீல் சார்.

வேண்டாம் என்று மேடம் சொல்லுவார் என்று அவர் காத்திருந்தார். மேடமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "விதின்னா விதிதானே" என்று மேடம் சுரத்தில்லாமல் சொன்னார். "வாங்க, போகலாம்."

சட்டை மாற்ற உள்ளே போனவரின் பின்னாலேயே மனைவி வந்தார்.

"என்னங்க, அது எங்கப்பா எனக்குக் குடுத்ததுன்னு நான் போய்ச் சொல்லட்டுமா? என்னை என்ன பண்ணிடுவாங்க?"

எட்டு வருடமாக அந்த டப்பாவைத் திட்டாத நாள் இல்லை இந்த மனுஷி. சீல் சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்மா" என்றார். "நான் இழுத்து விட்டது. நானே போறேன்." பொத்தானை ஓர் ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டார். மனைவி அதைச் சரியாகப் போட்டுவிட்டார்.

பயிற்சி மைதானத்தின் கோடியில் மணல் கொட்டிய ஒரு பள்ளம் உண்டு. பிடிபட்ட பட்டாசு, ரசாயனம் எல்லாவற்றையும் அங்கேதான் எரிப்பார்கள். மேடம், சீல் சார், டிரைவர் மூன்று பேரும் பள்ளத்துக்கு முன்னால் நின்றார்கள். டிரைவர் டப்பாவைப் பார்த்தார். சீல் சாரைப் பார்த்தார்.

"சார், இது நீங்க குதிரைச் சத்தத்தோட..."

சீல் சார் அவருடைய காலை ஓங்கி மிதித்தார். டிரைவர் நொண்டிக்கொண்டே ஜீப் பக்கம் போய்விட்டார்.

"எரிக்கறதுக்கு முன்னாடி பொருளைச் சரிபாக்கணும் இல்லையா?" என்றார் மேடம்.

"ஆமாம் மேடம். விதி மூணு."

"முழுசாப் பாக்கணும். அடி அடியா."

மேடம் கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். சோதனைக்கு வரும்போதே இத்தனை ஆயத்தமா என்று சீல் சாருக்கு ஆச்சரியமாக இருந்தது. சுருள் சூடேறாமல் தன் நிழலில் வைத்துக்கொண்டு அவர் பிரித்துப் பிரித்துக் கொடுக்க, மேடம் ஆகாய வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். விளிம்பில் மட்டும்தான் தொட்டார். ஓர் இடத்தில்கூட விரல் படத்தில் படவில்லை. என்ன பழக்கமான கை என்று சீல் சார் வியந்தார். ஆதாரத்தைக் கையாள நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

"இது கோட்டை வாசலா?"

"அப்படித்தான் தெரியுது மேடம். நான் பாத்ததில்லை."

"மாடத்துல யாரு, ராணியா? அழறாங்களா?"

"இல்லை மேடம், அழவே மாட்டாங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அழற மாதிரி தெரியலை மேடம்."

மேடம் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ராஜா குதிரை ஏறும் இடம் வந்தது. சீல் சாரின் வாய்க்குள் நாக்கு தானாக ஒரு முறை சொடுக்கியது. இருமி மறைத்தார். ஓடி வருகிறவன் வந்தான். கடிதம் கைமாறியது. ராஜா பிரித்தார். கடைசி ஓர் அடி பிலிம் மேடத்தின் விரல்களில் காற்றில் ஆடியது.

"இவன்தானா கொண்டுவந்து குடுத்தான்..." என்று மேடம் தனக்குள் முணுமுணுத்தார்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லை. சரிபாத்தாச்சு."

மூன்று மணி வரை எடுத்துக்கொண்ட சரிபார்ப்பு அது. வெயிலில் இருவருக்கும் முகம் கறுத்திருந்தது. சுருளை மணலில் வைத்தார்கள்.

"நீங்களே கொளுத்துங்க" என்றார் மேடம்.

"நீங்க பெரியவங்க மேடம். நீங்க கொளுத்தறதுதான் மரியாதை."

"பிடிச்சவர் நீங்கதானே."

"உத்தரவு உங்களுதுதானே மேடம்."

தீப்பெட்டி நாலு முறை கை மாறியது. ஐந்தாவது முறை சீல் சார் கையில் நின்றது. முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவது குச்சியோடு, "நிறுத்துங்க" என்ற ஒரு சொல்லுக்காக மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேடம் உதட்டைக் கடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சீல் சார் குச்சியைச் சுருளில் வைத்தார்.

பதினொரு விநாடி. எட்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள், கோட்டை, குதிரை, அழாத ராணி எல்லாம் பதினொரு விநாடியில் முடிந்துவிட்டன.

"புகை கண்ணுல போயிடுச்சு" என்று மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கும் மேடம்" என்றார் சீல் சார். காற்று எதிர்ப்பக்கமாக வீசிக்கொண்டிருந்தது.

மேடம் யாரிடமும் பேசாமல் ஜீப்பில் ஏறினார். "மேடத்தை வீட்டுல விட்டுட்டு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன் சார்" என்று சொல்லிவிட்டு டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

சீல் சார் மணல் மேட்டில் உட்கார்ந்தார். அழித்ததற்கான படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பினார். பிடித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். எரித்தவர் என்ற இடத்திலும் போட்டார். குற்றவாளி என்ற இடத்தில் ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அவர் கையும் களவுமாகப் பிடித்த ஒரே உருப்படியான குற்றவாளி அவர்தான். பிடித்தும் தப்பவிட்டுவிட்டு, சாட்சியை எரித்திருக்கிறார். ஒரு வார்த்தை, "என்னோடதுதான் மேடம்" என்ற ஒரே வார்த்தை, அதைச் சொல்லத் துப்பில்லை. வாயில்லாத படத்தை இத்தனை வருடம் நேசித்தவனுக்கு வாய் மட்டும் இத்தனை நீளமாகப் போனதே என்று தன்னையே வைதுகொண்டார். அப்புறம் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. மைதானத்தில் யாரும் இல்லாததால் இரண்டையும் தாராளமாக முடித்துக்கொண்டார்.

அரை மணியில் வருகிறேன் என்று போன டிரைவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். ஜீப்பின் பின்பக்கத்தில் ஏதோ ஏற்றி, ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தது. இறங்கி வந்த டிரைவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, சீல் சாரின் காதருகே குனிந்தார்.

"சார், உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். வேற யாரையும் கேக்க முடியாது. மேடம் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

"என்னய்யா, சொல்லு" என்றார் சீல் சார் அலுப்போடு.

"மேடம் வீட்டுலேருந்து எட்டு டப்பா ஏத்திக்கிட்டு வந்திருக்கேன் சார், ரெண்டுலேருந்து ஒன்பது வரைக்கும் சிவப்புல நம்பர் போட்டிருக்கு. சீல் சார் கண்ணுல மட்டும் படாம எங்கேயாவது ஒளிச்சு வச்சிடுன்னு அழறாங்க, எங்கே சார் வைக்கட்டும்?"